தும்மலுக்கு ஒரு பதில்

மச்சான்,

இன்று காலை பட்டறைக்குப் பின்னால் இருக்கிற மெஸ்ஸில் யாரோ மிளகாய் வறுத்தார்கள். நான் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு லேத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் அடித்தது பாருங்கள் ஒரு தும்மல், கையிலிருந்த எண்ணெய்க் கேன் விழுந்து உருண்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். சொன்ன கையோடு, என்னை அறியாமலே இடது பக்கம் திரும்பினேன். ரிட்டயர் ஆன பிறகு நீங்கள் வந்து உட்காரும் மர ஸ்டூல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதன்மேல் யாரோ கழிவுத் துணியைப் போட்டிருந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை நேரத்தில் எத்தனை சத்தம் என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை சத்தத்திலும் அந்த ஸ்டூல் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அழவேண்டியதை எல்லாம் அழுது முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு தும்மல் வந்து அதைப் பொய்யாக்கிவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். "வந்து சேராத கடுதாசிக்கு எதுக்கு மாப்ள ஸ்டாம்பு?" என்று நீங்கள் கேலி செய்வது காதில் விழுகிறது. பரவாயில்லை. உங்கள் பேத்தி என்றைக்காவது படிப்பாள். அவளுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையும் அங்கங்கே விளக்கிச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டு நீங்கள் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வந்தீர்கள். கம்பத்துக்காரர். ஆவடி தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். பூந்தமல்லியில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மிளகாய் வற்றல் கடை, முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அந்த வீட்டில் மூச்சு விட்டாலே காரம். எங்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது, அம்மாவுக்கு மட்டும் கடைசி வரை பழகவில்லை. காலையில் மூட்டை பிரித்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

தும்மியவர் அல்லாஹ்வைப் புகழ வேண்டும், கேட்டவர் "யர்ஹமுகல்லாஹ்", அதாவது அல்லாஹ் உனக்கு இரங்கட்டும் என்று பதில் சொல்ல வேண்டும். நபிகள் நாயகம் கற்றுத்தந்த வழக்கம் இது. எங்கள் வீட்டில் இது வழக்கம் என்பதைவிட ஆஜர் எடுப்பது என்று சொல்லலாம். அம்மா அடுப்படியில் தும்மினால் கடையிலிருந்து அத்தா, மாடியிலிருந்து நான், கொல்லையிலிருந்து அக்கா, எல்லோரும் குரல் கொடுக்க வேண்டும். எவன் குரல் வரவில்லையோ அவனுக்கு அன்றைக்குச் சோற்றில் ஆணம், அதாவது குழம்பு, குறைவு. அத்தா மட்டும் சில நாள் முரண்டு பிடிப்பார். "மூணுக்கு மேல போனா அது ஜலதோசம். பதிலு கடமையில்ல, தெரிஞ்சிக்க" என்பார். "ஜலதோசக்காரிக்கு ரஹ்மத் வாணாமா?" என்று அம்மா திருப்பிக் கொடுப்பாள். ரஹ்மத் என்றால் இறைவனின் இரக்கம்.

முதல் விருந்துக்கு நீங்கள் வந்த அன்று, பிரியாணித் தட்டில் கை வைத்த நேரம் பார்த்து அம்மா தும்மினாள். வாய் நிறையச் சோறு வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்களே ஒரு "யர்ஹமுகல்லாஹ்", எங்கள் எல்லோர் சத்தத்தையும் அமுக்கிவிட்டது. அம்மா கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள். "பரவால்லியே, மாப்ளைக்கு நல்ல தொண்டை கீது" என்றாள். அன்று முதல் பெற்ற பிள்ளை நான் இரண்டாம் பட்சம்.

பிறகுதான் அந்தக் காலம் வந்தது. பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் விவாதம், கேசட்டுக்குக் கேசட் சவால். ஹதீஸ் என்றால் நபிகள் சொன்னதும் செய்ததும் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு வழிவழியாக நம்மிடம் வந்த செய்திகள். இதற்கு ஆதாரம் எந்த ஹதீஸ், அந்த ஹதீஸ் பலமா பலவீனமா என்று டீக்கடையில்கூட ஓயாத பேச்சு. ஆரம்பத்தில் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் ஹதீஸ் கேட்பீர்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. இரண்டு பேரும் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கேட்போம்.

உங்களைத் திருப்பியது ஒரு விரல். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவின்போது எங்கள் பள்ளிவாசலில், தொழுகையின் கடைசி இருப்பில் ஒரு இளைஞர் ஆள்காட்டி விரலை அசைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெரியவர் தொழுகையை முடித்துச் சலாம் கொடுத்த கையோடு அந்த விரலைப் பிடித்து முறுக்கிவிட்டார். அசைப்பதற்கு ஹதீஸ் உண்டு என்றார் இவர். அசைக்கக் கூடாது என்பதற்கு உண்டு என்றார் அவர். சட்டை கிழிந்தது. விலக்கப் போன உங்கள் மூக்குக் கண்ணாடியும் உடைந்தது. வெளியே வந்து, ஒற்றைக் கண்ணாடியோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"ரெண்டு பேருமே நபி மேல உள்ள பிரியத்துலதான் அடிச்சுக்கிட்டாங்க மாப்ள. அதுதான் எனக்குத் தாங்கல" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் விவாதங்களுக்கு வரவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, தமிழில் பெயர்த்த குர்ஆனை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் பின்பக்கம் உட்கார்ந்துவிடுவீர்கள். அதுவரை நாம் அரபியில் ஓதியிருக்கிறோம், பொருள் தெரியாமல். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, கதை படிக்கிற மாதிரி அவசரம் இல்லாமல், ஒரு வசனம் பிடிபடாவிட்டால் அன்று அதோடு நிறுத்திக்கொண்டு நீங்கள் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அத்தா கொடுத்தனுப்பிய மிளகாய்ப் பையோடு வந்தேன். நீங்கள் புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தேனீக்கள் கட்டியிருந்த கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

"தேனீக்கு வஹீ வந்துச்சுன்னு இருக்கு மாப்ள" என்றீர்கள். வஹீ என்றால் இறைவனிடமிருந்து நேராக வரும் செய்தி. "மலையில வீடு கட்டு, மரத்துல கட்டுன்னு அதுகிட்ட சொல்லியிருக்கான். அதுவும் கேட்டுக்கிட்டு கட்டுது பாரு. அத்தனை பெரியவன் இத்தனூண்டு பூச்சிகிட்ட பேசியிருக்கான்."

உங்கள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மச்சான். பிறந்ததிலிருந்து அந்த அத்தியாயத்தை ஓதியவன் நான். அதில் ஒரு தேனீ இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மருந்தடித்துக் கூட்டைக் கலைக்க வந்த ஆட்களை நீங்கள் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிய கதை அந்தத் தெருவுக்கே தெரியும்.

அந்த வருஷ நோன்புப் பெருநாள் கழிந்து சொன்னீர்கள்: "எனக்கு இது போதும் மாப்ள. மார்க்கத்துக்கு ஆதாரம்னு இனிமே குர்ஆன் மட்டும்தான்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது ஊரறிந்த விஷயம். எகிறிக் குதித்தேன். "அப்ப லுஹருக்கு எத்தனை ரக்அத்? குர்ஆன்ல காட்டுங்க பாப்போம்" என்றேன். நண்பகல் தொழுகைக்கு எத்தனை சுற்று என்று மேடையில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். நீங்கள் எதையாவது சுற்றி வளைப்பீர்கள், மடக்கிவிடலாம் என்று காத்திருந்தேன்.

"காட்ட முடியாது. இல்ல" என்றீர்கள்.

"அப்ப எப்பிடித் தொழுவீங்க?"

"எங்க அத்தா தொழுததைப் பார்த்துத் தொழுறேன். அவரு அவங்க அத்தாவைப் பார்த்தாரு. அப்படியே போனா கடைசியில யாரைப் பார்த்ததுன்னு எனக்குத் தெரியும். அந்தத் தொழுகையை நான் விடல. ஆனா அவரு சொன்னதா இவரு சொன்னாருன்னு எழுதி வெச்சதைக் கொண்டாந்து அல்லாஹ் பேச்சுக்குப் பக்கத்துல வைக்க எனக்குப் பயமா இருக்கு."

நான் லேத்துக்காரன், எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். "டிராயிங்கை மட்டும் கையில குடுத்துட்டா புதுசா வந்தவன் பீஸ் போட்டுருவானா மச்சான்? சீனியர் கையைப் பார்த்துத்தானே கத்துக்கறான்?" என்றேன். "பார்க்கட்டும். ஆனா சீனியர் செத்து ரெம்ப நாள் கழிச்சு, அவரு கை இப்படித்தான் போச்சுன்னு ஆளுக்கொண்ணு எழுதி, அதை வெச்சு டிராயிங்கையே திருத்தினா?" என்றீர்கள். "ஃபாக்டரியில ரிஜெக்ட் பண்ணிப் பண்ணி உங்களுக்கு அதே புத்தி" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி போட்டுவிட்டுத்தான் வந்தேன். "குர்ஆனும் மனுஷங்க நெஞ்சு வழியாத்தானே நம்மகிட்ட வந்துச்சு? அதைக் கொண்டாந்த அதே ஆளுங்கதானே ஹதீஸையும் கொண்டாந்தாங்க? அதுல நம்புறீங்க, இதுல ஏன் நம்ப மாட்டேங்கறீங்க?"

அடுத்த வாரம் ஆவடியிலிருந்து வேகாத வெயிலில் சைக்கிள் மிதித்து அம்பத்தூருக்கு வந்தீர்கள். பட்டறை வாசலில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "நீ கேட்டது நல்ல கேள்வி மாப்ள. நானும் தேடிப் பார்த்துட்டேன். எனக்குப் பதில் தெரியல."

அதைச் சொல்லவா அத்தனை தூரம் வந்தீர்கள்? அந்த வருஷங்களில் நான் கேட்காத விவாதம் இல்லை. எந்த மேடையிலும், எந்தக் கட்சியிலும், ஒரு மனிதர் வாயிலிருந்து "தெரியல" என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. அன்று சிங்கிள் டீ வாங்கிக் கொடுத்து உங்களை அனுப்பிவிட்டு, வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை, இன்றுவரை ஏற்கவில்லை. ஆனால் உங்களைப் பார்த்து மலைத்துப் போனது அன்று ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை.

அம்மாவுக்கு இந்த வாதமெல்லாம் எட்டவில்லை. அவளுக்கு எட்டியது ஒன்றே ஒன்று. அவள் தும்மினால் உங்களிடமிருந்து பதில் வருவதில்லை. எங்கள் மூன்று பேர் குரலும் வந்த பிறகு, உங்கள் பக்கம் ஒரு மௌனம். "இன்னாடி, எனக்கு ரஹ்மத் கேக்க உம்புருசனுக்கு வாய் வரலியா? நான் இன்னா பண்ணிட்டேன் அவருக்கு?" என்று அக்காவிடம் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கொள்கை கிடக்கட்டும், ஒரு கிழவியின் மனசைக் குளிர வைக்க ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று உங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாள்போக்கில் ஆறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் ஊர்ச் சபையான ஜமாஅத்துக்குப் போனது. பள்ளிவாசல் நிர்வாகத் தலைவரான முத்தவல்லி கடைக்கே வந்துவிட்டார். "பாய், நேரா வரேன். ஒங்க மருமவன் ஹதீஸே வாணாங்கறாராமே? ஹதீஸ் வாணாம்னா ரசூல் நபியே வாணாம்னு அர்த்தம். அப்பறம் நிக்காஹ் எங்க நிக்கும்? பொண்ணைக் கூட்டியாந்துடுங்க. இல்லியா, அவரு வந்து சபையில ஏத்துக்கறேன்னு சொல்லட்டும்." அத்தாவின் கை தராசுத் தட்டிலேயே நின்றுவிட்டது. வாடிக்கைக்காரர்கள் எல்லாம் ஜமாஅத்து ஆட்கள். ஆனால் அவர் வாடிக்கைக்குப் பயந்தார் என்று நான் சொல்லமாட்டேன். நிக்காஹ் செல்லாமல் போய் மகள் ஹராமில், விலக்கப்பட்ட வாழ்க்கையில், இருக்கிறாளோ என்று உள்ளபடியே நடுங்கிவிட்டார்.

"நீ போ. ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு அந்தாளை. சொன்னா இன்னா, நாக்கா தேஞ்சிடும்? மாட்டேன்னா அக்கா கையைப் புடிச்சிக் கூட்டிகினு வந்துடு" என்று என்னை அனுப்பினார்.

நான் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது அக்கா அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தீர்கள். சொல்லவேண்டியதை எல்லாம் கொட்டிவிட்டு, "பொய்யாவது சொல்லுங்க மச்சான். அல்லாஹ் மன்னிப்பான்" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நபி சொல்லாததை அவங்க சொன்னதா சொல்லக்கூடாதுன்னுதானே நான் இந்தப் பக்கமே வந்தேன்? இப்ப நான் நம்பாததை நம்புறேன்னு சொன்னா, நான் யாரு மாப்ள?" என்றீர்கள். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னீர்கள்: "உனக்குப் பயமா இருந்தா தம்பி கூடப் போ. நான் கோவிச்சுக்கமாட்டேன்."

அக்கா நிமிரவே இல்லை. "வெண்டைக்கா நறுக்கிகினு கீறேன், கண்ணுக்குத் தெர்ல?" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "டேய், அவருக்கு ஹதீஸ் இல்லன்னா போவுது, எனக்குக் கீது. உங்கள்ல நல்லவன் பொண்டாட்டிகிட்ட நல்லவனா கீறவன்னு பள்ளிவாசல்ல ஹஜ்ரத்து பயான்ல சொல்வாரே, நீயும் கேட்டுருக்க இல்ல? அந்த ஹதீஸை நம்பாமலே அதும்படி நடக்கறாரு இவரு. நம்புறவங்க எத்தினி பேரு நடக்கறாங்கன்னு நம்ம தெருவுல போய்ப் பார்த்துட்டு வந்து என்னைக் கூப்புடு."

நான் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாக் கூடத்தில் சபை கூடியது. ஹஜ்ரத், அதாவது எங்கள் இமாம், ஒரு ஓரத்தில் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். அம்மா தானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "பேசப் போறது எம்பொண்ணு குடும்பத்தைப் பத்தி. நான் இல்லாம இன்னா பேச்சு?" ஒரு போர்வையைக் கயிற்றில் மறைப்பாகக் கட்டி, அதற்குப் பின்னால் அம்மாவும் அக்காவும் உட்கார்ந்தார்கள்.

ரக்அத் கேள்வியில்தான் ஆரம்பித்தார்கள். குர்ஆனில் எண்ணிக்கை இல்லை என்று நீங்கள் ஒத்துக்கொண்டதும் சிலர் சிரித்தார்கள். அப்படியானால் எங்கிருந்து வந்தது என்றார் முத்தவல்லி. "அதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்லைங்க. எங்க மச்சினனும் ரெம்ப நாளா அதைத்தான் கேக்குறாரு" என்று என்னைக் காட்டினீர்கள். கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

"கதை வாணாம். ஏத்துக்கறீங்களா, இல்லியா? ஒரு வார்த்தை" என்றார் முத்தவல்லி.

அத்தா உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்வைக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் குடும்பம் பிழைத்துவிடும். சொல்லுங்கள் மச்சான், சொல்லித் தொலையுங்கள் என்று எனக்குள் கெஞ்சினேன்.

"நபி இதைச் சொன்னாங்கன்னு எனக்கு உறுதியாத் தெரிஞ்சா தலையால நடந்து வந்து செய்வேன்" என்றீர்கள். "சொல்லாததைச் சொன்னாங்கன்னு சொல்லிட்டு, நாளைக்கு அவங்க முகத்தைப் பார்க்கணுமேன்னுதான் பயம். அந்தப் பயத்தோட ஏத்துக்கறேன்னு சொன்னா, அது உங்ககிட்ட சொல்ற பொய். அல்லாஹ் வீட்டுச் செவுத்துக்குப் பக்கத்துல உக்காந்து என்னால முடியாதுங்க."

கூடம் கொந்தளித்துவிட்டது. ஆளாளுக்கு எழுந்தார்கள். முத்தவல்லி கையை உயர்த்தி, எல்லோரையும் உட்காரச் சொல்லி, முடிவைச் சொல்லத் தொண்டையைக் கனைத்தார்.

அப்போதுதான் போர்வைக்குப் பின்னால் அம்மா தும்மினாள். எங்கள் வீட்டுத் தும்மல், கூடத்தையே உலுக்கும் தும்மல். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹதீஸைக் காப்பாற்ற வந்திருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் பதில் நினைவுக்கு வரவில்லை, எனக்கும்தான். அந்த நிசப்தத்தில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. நீங்கள் தலையைக் குனிந்தபடி, உங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ரப்பிக்ஃபிர் வர்ஹம்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என் இறைவா, மன்னிப்பாயாக, இரங்குவாயாக. குர்ஆனில் இருக்கிற பிரார்த்தனை அது.

ஹஜ்ரத்தின் கையில் தஸ்பீஹ் நின்றது. "என்ன சொன்னீங்க தம்பி?"

"ஒண்ணுமில்லைங்க. மாமி தும்முனாங்க" என்றீர்கள், திருடி அகப்பட்டவர் போல.

"அவரு எப்பவும் சொல்வாரு ஹஜ்ரத்து" என்று போர்வைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான் எப்ப தும்முனாலும் வாய்க்குள்ளயே சொல்லிக்குவாரு. உதடு ஆடுறதைப் பார்த்துட்டு எம்பொண்ணைக் கேட்டேன். சத்தமா சொன்னா புதுசா ஒரு வழக்கத்தைக் கொண்டாந்த மாதிரி ஆயிடும்னு அடக்கிக்கறாராம். எனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது."

எத்தனை தும்மல்கள், மச்சான்! அத்தனைக்கும் நீங்கள் பதில் சொல்லியிருக்கிறீர்கள். உங்களிடம் நான் குதித்தபோதுகூட, இதைச் சொல்லி ஒரு நிமிஷத்தில் என் வாயை அடைத்திருக்கலாமே?

ஹஜ்ரத் மெல்ல எழுந்து, போர்வைப் பக்கம் திரும்பி, அம்மாவுக்குச் சேரவேண்டிய பதிலை முறைப்படி சொன்னார். பிறகு சபையைப் பார்த்தார். "ஹதீஸுக்காக இத்தனை பேரு கூடியிருக்கோம். ஒருத்தர் பதில் சொல்லியிருந்தா எல்லாருக்கும் போதும். யாரும் சொல்லல. நானும் சொல்லல." உங்கள் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க கருத்து தப்பு. நான் சாகுற வரைக்கும் தப்புன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லுங்க ஹஜ்ரத்" என்றீர்கள்.

"ஆனா உங்க நிக்காஹை ஓதி வெச்சவன் நான். அதை முறிக்க என் நாக்கு வராது."

எல்லாம் அதோடு சுமுகமாகிவிடவில்லை. முத்தவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். சில வீட்டுக் கல்யாணங்களுக்கு உங்களை அழைக்கவில்லை. கடையில் சில வாடிக்கை போனது. அத்தா உங்களோடு முகம் கொடுத்துப் பேச வெகு காலம் ஆயிற்று. ஆனால் அக்காவை யாரும் அழைத்துவரச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவள் உங்கள் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து ஆவடிக்குப் போனதை, அத்தா கடைக்குள் நின்று, தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தும்மலின் ரகசியத்தை அக்கா எனக்குப் பிற்பாடுதான் சொன்னாள். முத்தவல்லி கனைத்ததும் அம்மா துப்பட்டி முனையைத் திரித்து மூக்கில் விட்டுக்கொண்டாளாம்! "எல்லாரும் சத்தமா ஒண்ணு சொல்வாங்க, இவரு மட்டும் வேற சொல்றது அவங்க காதுல வுழட்டும்னு நெனைச்சேன். அவங்க வாயடைச்சுப் போவாங்கன்னு நான் கண்டனா?" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாளாம். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா! அவளை நினைத்தும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

தொண்ணூறுகளில் அம்மா போனாள். ஜனாஸா, அதாவது இறந்தவருக்கான தொழுகைக்கு வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் பார்த்தேன், நீங்கள். அதில் எத்தனை தடவை அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்வது என்ற முறை குர்ஆனில் விரிவாக இல்லை என்று நீங்களே என்னிடம் சொன்னதுண்டு. அடக்கிவிட்டுத் திரும்பும்போது கேட்டேன். "தக்பீர் எத்தனைன்னு உன்னைப் பார்த்துத்தான் கட்டினேன் மாப்ள. மாமிக்குக் கடைசியா ஒரு தடவை எல்லாரோடயும் சேர்ந்து ரஹ்மத் கேக்கணும்னு இருந்துச்சு" என்றீர்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த அத்தா அதைக் கேட்டு நின்றார். திரும்பி வந்து உங்கள் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்.

உங்கள் கடைசிக் காலத்தில், ரிட்டயர் ஆகிக் குடிபோன பாரிவாக்கத்து வீட்டில் படுக்கையில் இருந்தபோதும் நான் விடவில்லை. "மச்சான், அந்தப் பழைய கேள்விக்குப் பதில் கிடைச்சுதா?" என்றேன். மூச்சு வாங்கச் சிரித்தீர்கள். "அங்க போய்க் கேட்டு வெக்கிறேன். நீ வந்ததும் சொல்றேன்" என்றீர்கள். நீங்கள் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன மனிதர். அங்கே கேட்டுவைப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காலையில் உருண்ட எண்ணெய்க் கேனை எடுத்து வைத்துவிட்டு, உங்கள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. நான் பிடித்துக்கொண்டிருக்கிற பதிலுக்கு இரண்டு பேர் வேண்டும். தும்மியவன் தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொள்ள முடியாது. உங்கள் பிரார்த்தனையைத் தனி ஆளாகவும் சொல்லலாம். இத்தனை வருஷம் உங்களோடு மல்லுக்கட்டிய நான், இன்று முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். ரப்பிக்ஃபிர் வர்ஹம். லேத் ஓடவில்லை, பட்டறையில் வேறு யாரும் இல்லை. நீங்கள் ஏன் அதை அத்தனை மெதுவாகச் சொல்வீர்கள் என்று அப்போது தெரிந்தது. சத்தமாகச் சொல்ல வரவில்லை, மச்சான்.

இனி எனக்குத் தும்மல் வரும்போதெல்லாம் அதுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா தும்மலுக்கு நீங்கள் சொல்லாமல் விட்ட அந்த வார்த்தையை, நீங்கள் தும்மிய ஒவ்வொரு முறையும் நான் சத்தமாகச் சொல்லி உங்களைச் சீண்டினேன், நினைவிருக்கிறதா? இன்று தும்மல் எதுவும் இல்லாமலே, அந்த ஸ்டூலைப் பார்த்துச் சொன்னேன். நீங்கள் மறுக்கமாட்டீர்கள்.

யர்ஹமுகல்லாஹ், மச்சான்.